கைப்பிடி எஜிர்

தேவாலயத்துக்கு ஏழு படி. ஏழு படிக்கும் எஜிர் கைப்பிடிக் கம்பியை விடமாட்டார். வலது கை கம்பியில், இடது கை பைபிளில், கண் அடுத்த படியில். ஆராதனை முடிந்து பசியோடு வெளியே பாயும் கானாவின் துறைமுக ஊரான தாக்கொராடியின் மெதடிஸ்ட் கூட்டம் மொத்தமும் அவர் முதுகுக்குப் பின்னால் தேங்கிப்போகும்.

"அண்ணே, இது வெறும் படி. விழுந்தாலும் சுறா வந்து தின்னாது, இறங்குங்க" என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு குரல் கிளம்பும்.

எஜிர் திரும்பிப் பார்க்கமாட்டார். படியில் நின்று திரும்பிப் பார்ப்பது அவர் கணக்கில் தனி ஆபத்து. முன்னால் பார்த்தபடியே பதில் சொல்வார்: "விழுறவன் எவனும் 'இப்ப விழப்போறேன்'னு சொல்லிட்டு விழுறதில்ல தங்கச்சி."

க்வாமெனா எஜிர் என்று அம்மா அப்பா அழகாகப் பெயர் வைத்ததெல்லாம் வீண். தெருவுக்கு அவர் 'கைப்பிடி'. வீட்டு வாசலில் இருப்பதே ஒன்றரைப் படி. அந்த ஒன்றரைக்கும் குழாய் வாங்கிப் பற்றவைத்து, மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார். ஆடுகள் வந்து அதில் முதுகு சொறிந்துகொள்கின்றன; அந்தத் தெருவில் அந்தக் கம்பியை மதிக்கும் ஒரே சாதி அவைதான். காரைப் பின்பக்கமாகத்தான் நிறுத்துவார், ஏதாவது என்றால் நேரே ஓட்டிக்கொண்டு ஓடிவிடலாமாம். எதிலிருந்து ஓடுவது என்று கேட்டால், "அது வந்தப்புறம் யோசிக்க நேரம் இருக்காதுல்ல?" என்பார். தேநீர்க் கோப்பைக்கு மூடி போடாமல் இரண்டு அடி நடக்கமாட்டார். சாவு வீட்டுக்குப் போனால் அழுவதற்கு முன்னால் பந்தல் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை கல்யாண வீட்டில் தெரியாத்தனமாக அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்வதற்கு முன்பு, தீ பிடித்தால் வெளியேறும் வழி எது, எங்கே கூடி நிற்க வேண்டும் என்று விளக்கினார். மாப்பிள்ளை மட்டும் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதத்தில் இருபத்தெட்டு நாள் அவர் ஊரில் இல்லை என்பதால் தாக்கொராடி தப்பித்தது. அந்த இருபத்தெட்டு நாளும் அவர் கடல் நடுவே, எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில் பாதுகாப்பு அதிகாரி. ஹெலிகாப்டரில் போவார், ஹெலிகாப்டரில் வருவார். பிறகு இருபத்தெட்டு நாள் வீடு. அப்போது மேடையில் அவர் இடத்தில் இன்னொருவர். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

அதற்கு முன்னால் லாரி மெக்கானிக். இடது சுண்டுவிரலின் நுனி ஒரு லாரியின் விசிறிப் பட்டையோடு போய்விட்டது. "அரை விரலை லாரிக்குக் குடுத்தேன். மிச்சம் ஒன்பதரை. இதை யாருக்கும் குடுக்கறதா இல்ல" என்பார். மற்றவர்களுடையதையும் கொடுப்பதாக இல்லை என்பதுதான் அவர் தொழில்.

மேடையில் காலை ஆறு மணிக்குப் பகல் வேலைக்காரர்கள் நாற்பது சொச்சம் பேர் வரிசையில் நிற்பார்கள். எஜிர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே போவார். கானாவில் கை கொடுப்பது என்றால் குலுக்குவதோடு முடியாது. பிரியும்போது இருவரின் நடுவிரலும் ஒன்றையொன்று பற்றி இழுத்து, 'டக்'கென்று ஒரு சொடுக்கு விழவேண்டும். சத்தம் வராவிட்டால் அது வணக்கமே இல்லை. எஜிர் அந்தச் சத்தத்தை, மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதைப் போலக் கேட்பார். உள்ளங்கை சுட்டால் காய்ச்சல். நடுங்கினால் விடுப்பில் குடித்த குடி இன்னும் இறங்கவில்லை. துவண்டு கிடந்தால் முந்தின நாள் தொலைபேசியில் மனைவியோடு சண்டை. சொடுக்கு வராவிட்டால் விரலில் ஏதோ கோளாறு.

"டேய், சொடுக்கு வராத கை வேலைக்கு ஆகாது. போய் நர்ஸைப் பாரு."

அவரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. பன்னிரண்டு வருடக் காயம் அத்தனையும் அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் அதை வைத்து, பட்டம் படித்தவர்கள் சொல்லாததையெல்லாம் சொல்வார். அடிபடுவதில் பாதிக்கு மேல் விரல். அதிகம் அடிபடுவது வீட்டுக்குப் போவதற்கு முந்தின மூன்று நாளில். உடம்பு இங்கே இருக்கும், மனசு அதற்குள் ஹெலிகாப்டர் ஏறியிருக்கும். அடுத்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். அடுத்தது, எல்லாம் தெரிந்த பழைய ஆள். "புதுசா வந்தவன் பயத்துல பொழைச்சுக்குவான். பத்து வருசம் ஆனவன்தான் இரும்போட சொந்தம் கொண்டாடுவான். இரும்புக்கு ஏதுடா சொந்தம்?"

அந்தக் குறிப்பேட்டில் கடைசிச் சில பக்கங்கள் அழகாக வெறுமையாக இருந்தன. அதற்குக் காரணம் பலகை.

சாப்பாட்டு அறை வாசலில் பலகை. 'ஆளை முடக்கிய கடைசி விபத்துக்குப் பின் கழிந்த நாட்கள்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே ஆணிகளில் எண் பொறித்த தகடுகள். காலையில் தகடு மாற்றுவது எஜிருக்குப் பூசை மாதிரி. எண்ணூறைத் தாண்டியபோது கரையிலிருந்து அறிவிப்பு வந்தது: ஆயிரத்தைத் தொட்டால் ஆளுக்கு ஒரு பெரிய ஃப்ரீசர். அன்றைக்கே எஜிர் பலகையில் நாலாவது ஆணி அடித்தார்.

அவர் மனைவி ஏக்குவா துறைமுகத்துக்கு வெளியே மீன் விற்கிறாள். தக்கைப் பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு தினமும் மல்லுக்கட்டுபவள். அறிவிப்பைக் கேட்ட மறுநாள் அடுக்களை மூலையிலிருந்த அலமாரியை நகர்த்தி, தரையைத் தேய்த்துக் கழுவி, மின்சாரப் பிளக்கைச் சரிசெய்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு மாலைத் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி நின்றுபோனது. "எத்தனை?" என்பதுதான் கேள்வி.

எண் ஏற ஏறக் காயம் குறைந்தது. எஜிர் பூரித்துப்போனார். நர்ஸ் டவியா மட்டும் ஒருநாள் மருந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, மூணு மாசமா காயம்னு ஒருத்தன் வரல. ஆனா ப்ளாஸ்டர் டப்பா மட்டும் காலியாயிட்டே இருக்கு."

"எலி தின்னுதோ என்னவோ" என்றார் எஜிர். இருவரும் சிரித்தார்கள். எஜிர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் நாள் பகலில், பளு தூக்கியின் சங்கிலிக் கொக்கி காக்குவின் வலது நடுவிரலைக் கடித்தது. கொக்கி வாயை மூடும் நாக்கு உடைந்திருந்தது. இறங்கிய பெட்டி ஆடியதும் கொக்கி நழுவி, விரலைப் பெட்டியின் வளையத்தோடு சேர்த்து நசுக்கியது. காக்கு ஒன்பது வருடமாகச் சுமை கட்டுபவன். ந்ஸிமா ஊர்க்காரன், எருமைக் கழுத்து, எந்நேரமும் விளையாட்டு. எஜிரின் தலைக்கவசத்துக்குள் உயிருள்ள நண்டைப் போட்டு வைத்தவன் அவன்தான். அன்றைக்கு அவன் கத்தவில்லை. கூட இருந்த மூன்று பேரும் கத்தவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை விரலில் இறுக்கிச் சுற்றி, கையுறையை மாட்டி, காக்குவின் இடது கையில் வண்ணம் பூசும் தூரிகையைக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஏழு நாள். ஏழு நாள் தள்ளினால் போதும்.

மறுநாள் காலை வரிசையில் காக்கு முழங்கையை நீட்டினான். "சளிண்ணே. கை குடுத்தா மேடைக்கே பரப்பிடுவேன்."

அதற்கடுத்த நாள் இரண்டு கையிலும் வாளி. அதற்கும் அடுத்த நாள் வரிசை கலைந்த பிறகு ஓடிவந்தான்.

நாற்பது கையில் ஒரு கை குறைந்தால் எஜிருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை. அந்த மூன்று நாளும் தகடு மாற்றிவிட்டு, நாலாவது ஆணி நேராக இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். கைப்பிடியை விடாத மனிதர் அந்த மூன்று நாள் எதையோ விட்டுவிட்டுத்தான் நடந்தார்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாம் நாள் வியாழக்கிழமை. வியாழன் மதியம் கென்கி. புளித்த சோள மாவு உருண்டையைக் கையால் கிள்ளி, மிளகாய்ச் சாந்தில் முக்கி, பொரித்த மீனோடு வாயில் போட வேண்டும். மேடையில் அன்றைக்குத்தான் யாரும் சாப்பாட்டைக் குறை சொல்வதில்லை. எஜிர் தட்டோடு உட்கார இடம் தேடினார். மூலையில் காக்கு கென்கியைக் கரண்டியால் நோண்டிக்கொண்டிருந்தான்.

கரண்டியால் கென்கி தின்னும் ந்ஸிமாக்காரன் பிறக்கவில்லை. காக்குவும் அப்படிப் பிறந்தவன் அல்ல. இடது கையால் சாப்பிடுவது அசிங்கம். வலது கையில் வெட்டுக் காயம் இருந்தால் மிளகாய்ச் சாந்து உயிரை வாங்கிவிடும். ஆக, கரண்டி. அதுவும் இடது கையில்.

எஜிர் எதிரே உட்கார்ந்தார்.

"என்னடா, வெள்ளைக்காரன் ஆயிட்டியா?"

"நாகரிகம்ணே. நம்ம ஜனம் எப்பதான் முன்னேறுறது?"

"முகமெல்லாம் வேர்த்திருக்கு."

"சாந்து காரம்."

"சாந்தைத் தொடவே இல்லையேடா. கைய குடு."

காக்கு சிரித்தபடி மேசைக்கு மேலே இடது கையை நீட்டினான். பக்கத்து மேசைகளில் மெல்லுவது நின்றது. வயதில் மூத்தவனுக்கு இடது கையை நீட்டுவது, முகத்தில் துப்புவதற்கு ஒரு படிதான் குறைவு.

"காக்கு" என்றார் எஜிர், குரலை உயர்த்தாமல். "இடது கை குடுக்கற அளவுக்கு நான் உனக்கு என்னடா கெடுதல் செஞ்சேன்?"

காக்குவின் சிரிப்பு கழன்று விழுந்தது. வலது கையை மேசைக்கு அடியிலிருந்து எடுக்காமலே சொன்னான். "அண்ணே, மூணு நாள். மூணே மூணு நாள். எல்லார் வீட்டு ஃப்ரீசரும் என் ஒத்த விரல்ல தொங்குது. ஆயிரம் ஆகட்டும், அப்புறம் விரலை வெட்டிக்கூட எடுத்துக்கோங்க."

மருத்துவ அறையில் டவியா கறுப்பு நாடாவை வெட்டினான். நாற்றம் முதலில் வந்தது. விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. டவியா அந்தக் கோட்டின் நுனியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். கால் மணி நேரத்தில் கோடு புள்ளியைத் தாண்டியது.

"இன்னிக்கே கரைக்குப் போகணும். நாளைக்குன்னா விரல் போச்சு. நாளன்னிக்குன்னா எதுவரைக்கும் வெட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

மேடையின் மேலாளர் ஓடூரோ வந்தார். குமாசிக்காரர், கெட்டவர் இல்லை. கையைப் பார்த்தார், கதவைச் சாத்தினார், மெதுவாகச் சொன்னார். "எஜிர், ஆளுக்குக் காய்ச்சல் நிஜம்தானே? மலேரியான்னு எழுதி அனுப்பு. ஆளும் கரைக்குப் போயிடுவான். மலேரியாவுக்குப் பலகை மாறாது."

"ஆமாண்ணே, மலேரியாவே எழுதுங்க" என்றான் காக்கு. பல் கிட்டிப் போயிருந்தது.

முக்கால் உண்மை உள்ள பொய்தான் நாக்கில் நன்றாக வழுக்கும். எஜிர் பேனாவைத் திறந்தார். அடுக்களை மூலை கண்முன் வந்தது. கழுவித் துடைத்த தரை, காத்துக்கொண்டிருக்கும் பிளக். ஒரு கொடுமையான கணம் 'ம' என்ற எழுத்து பேனா முனை வரைக்கும் வந்தது.

"மலேரியான்னு போனா மலேரியா மாத்திரை குடுத்துப் படுக்க வைப்பாங்க சார்" என்றார். "கேட்டா இவன் கையை மறுபடி போர்வைக்குள்ள ஒளிப்பான். மாத்திரை காய்ச்சலைத் தேடும். விரலை யார் சார் தேடுவா?"

ஓடூரோ சாத்திய கதவைத் திறந்தார். எஜிர் எழுதினார்: 'வலது கை நடுவிரல். கொக்கி நசுக்கியது. நாலு நாளுக்கு முன். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.' கடைசி வரிக்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை; ஓரத்தில் எழுதினார்.

ஹெலிகாப்டர் மூன்று மணிக்குக் காக்குவைத் தூக்கிக்கொண்டு போனது. படியேறும்போது அவன் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தான். எஜிர் அதைக் கவனிக்கத் தவறவில்லை.

பிறகு பலகைக்குப் போனார். தேநீர் நேரம். எல்லோரும் இருந்தார்கள். ஒன்பதைக் கழற்றினார். இன்னொரு ஒன்பது. ஏழு. மூன்றையும் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒற்றைச் சுழியத்தை மாட்டினார். யாரும் திட்டவில்லை. இரும்பும் கடலும் மட்டும் எப்போதும் போல முனகிக்கொண்டிருந்தன.

அப்போது பளு தூக்கி ஓட்டும் கிழவர் எழுந்தார். "சரி, அதுதான் போச்சே" என்று முனகிக்கொண்டே டவியாவின் பக்கம் நடந்தார். "தம்பி, என் தோள்பட்டை ஒரு மாசமா மேல போகமாட்டேங்குது. நீ கொஞ்சம் பாரேன்."

டவியா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவன் வந்தான், கண்ணில் துரு. அடுத்தவன், விலா. ஒருவன் காலணியைக் கழற்றியதும் கட்டைவிரல் நகமே கையோடு வந்தது. பொழுது சாய்வதற்குள் மருத்துவ அறை வாசலில் பதினோரு பேர். ப்ளாஸ்டர் தின்ற எலிகள் அத்தனையும் ஒரே வரிசையில். அவ்வளவு நாளும் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை எல்லோரும் ஒரே சமயத்தில் விட்டதுபோல் கலகலப்பு. எவன் அதிக நாள் மறைத்தான் என்பதில் போட்டியே நடந்தது. வரிசையின் கடைசியில், யாரையும் பார்க்காமல், காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓடூரோ நின்றார்.

"சார், இதுக்கும் மலேரியான்னு எழுதிடட்டுமா?" என்று டவியா கேட்டான். மேடை அதிரச் சிரித்தது. ஓடூரோவும் சிரித்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் கொக்கிகளை எல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். நாக்கு உடைந்தவை இன்னும் நாலு. எஜிர் ஐந்தையும் பற்றவைப்பவரிடம் கொடுத்து இரண்டு இரண்டாக வெட்டச் சொல்லி, வெட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். மதியம் டவியாவின் தொலைபேசிக்கு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. அவன் சாப்பாட்டு அறை நடுவே நின்று உரக்கப் படித்தான்: கீறிச் சீழ் எடுத்தாயிற்று, நகம் போயிற்று, விரல் இருக்கிறது. தட்டுகளைக் கரண்டியால் தட்டித் தீர்த்துவிட்டார்கள். பலகையில் அப்போது எண் ஒன்று.

கரைத் தலைமையகத்திலிருந்து ஒரு கவலைக் கடிதமும் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் இல்லாத அளவுக்கு ஒரே வாரத்தில் இவ்வளவு காயம் ஏன் கூடிற்று என்று. எஜிர் இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினார்: 'காயம் கூடவில்லை ஐயா. சொல்வதுதான் கூடியிருக்கிறது.' அடுத்த மாதம் பரிசு அறிவிப்பைச் சத்தமில்லாமல் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாலாவது ஆணி அப்படியே இருக்கிறது. அதில் எஜிர் இப்போது தொப்பியை மாட்டுகிறார்.

விடுப்பில் வீட்டுக்கு வந்தவரை ஏக்குவா வாசலிலேயே மறித்தாள். "வாங்க பெரிய மனுசரே. தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் ஏறிட்டு, ஒரு விரலுக்காகக் கீழ குதிச்சீங்களாமே? அப்பக் கைப்பிடி எங்க போச்சு?"

"தப்புதான்."

"என்ன தப்பு?"

"மூணு நாள் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்."

ஏக்குவா வாசலை விட்டு விலகினாள். "காக்கு பொண்டாட்டிக்கு இது தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அந்த மூணு நாள் கதை என்கிட்டயே இருக்கட்டும்." உள்ளே போய்ப் பழைய தக்கைப் பெட்டியைத் தூக்கிவந்து, கழுவித் துடைத்த அந்த மூலையில் 'தொப்'பென்று வைத்தாள். "மீனுக்கு எங்க இருந்தாலும் குளிருதான். மூலை பெருசா இருக்கு, நல்லாத்தான் இருக்கு."

காக்குவுக்கு அடிபட்டு ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்தது. எஜிர் நாலாவது படியில் இருந்தார். வலது கை கம்பியில், இடது கை பைபிளில். பின்னால் வழக்கம்போல் ஊர் தேங்கி நின்றது. கீழிருந்து காக்கு ஏறி வந்தான். பயணக் களைப்பு முகத்தில். வெளியூரிலிருந்து விடிகாலை வண்டி பிடித்திருக்க வேண்டும். இரண்டு படி கீழே நின்று, வலது கையை நீட்டினான். நடுவிரல் கொஞ்சம் வளைந்து, நகமில்லாமல், புதுத்தோலோடு இளஞ்சிவப்பாக இருந்தது.

எஜிர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கை இருக்கும் கம்பியைப் பார்த்தார்.

"அண்ணே, பசிக்குது!" என்றது பாடகர் குழு.

எஜிர் கம்பியை விட்டார். காக்குவின் கையைப் பற்றிக் குலுக்கி, விரலோடு விரல் கோத்து இழுத்தார். சத்தம் வரவில்லை. காக்கு உதட்டைக் கடித்துக்கொண்டான். மறுபடி. தோல் தேய்ந்த ஓசை மட்டும். எஜிர் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையையும் கொடுத்து அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, மூன்றாவது முறை இழுத்தார்.

டக்.

எஜிர் தலையை ஆட்டினார். மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படியைப் பார்த்து இறங்கத் தொடங்கினார்.